முழந்தாள் தொட்ட கையும் மணிக்கட்டைத் தொடாத சட்டையும்

பழம்பாடல்கள் தகடூர் என்று வழங்கும் ஊரே இன்றைய தருமபுரி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பல பாட்டுகளில் பாடியுள்ளார். அவற்றுள் புறநானூற்றின் 90ஆம் பாட்டு அவனுடைய கைகளைத் தனியே எடுத்துப் போற்றுகிறது. கோட்டைக் கதவின் உட்புறம் குறுக்கே இடும் கணையமரத்தை அவை ஒத்தனவாம்; நின்ற நிலையில் முழந்தாளைத் தொடும் அளவுக்கு நீண்டனவாம். அத்தகைய கையுடையவன் களம் புகுந்தால் எதிர்த்து நிற்பவர் யார் என்பது புலவரின் வினா. இந்த அதியமான் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். 1981ஆம் ஆண்டு திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அவன் பெயரை முழுமையாகச் சொல்லி, அவன் அளித்த குகை உறைவிடத்தைப் பதிவு செய்கிறது.

ஔவையார் பாடிய அளவுக்கு இல்லாவிடினும், ஓரளவு கை நீண்ட ஒருவர் இன்று அதே தருமபுரியின் கடைத்தெருவில் முழுக்கைச் சட்டை வாங்கப் புகுகிறார் என்று கொள்வோம். கழுத்துப்பட்டை பொருந்துகிறது, தோள் பொருந்துகிறது, மார்பும் பொருந்துகிறது. கைப்பட்டி மட்டும் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது. பெரிய அளவை எடுத்தால் கை சரியாக வருகிறது. ஆனால் தோள் சரிந்து, கழுத்தில் மற்றொரு கழுத்து நுழையும் அளவுக்கு இடம் விழுகிறது. விற்பவர் பணிவோடு சொல்லும் மருந்து ஒன்றுதான்: “மடித்துவிட்டுக்கொள்ளுங்கள் சார், தெரியாது.” அதன்பின் அவரே, “உங்களுக்குக் கை கொஞ்சம் நீளம்” என்றும் சேர்த்துவிடுகிறார்.

தமிழில் சட்டையின் அந்த உறுப்புக்குத் தனிப்பெயர் கிடையாது. மனிதனுக்கு இருப்பதும் கை, சட்டைக்கு இருப்பதும் கை. முழுக்கை, அரைக்கை, கை வெட்டுதல், கை ஏற்றுதல் என்றே தையற்கடை வழக்கு அமைந்துள்ளது. ஆகவே இந்த இடத்தில் வழக்கு இரண்டு கைகளுக்கு இடையே எழுகிறது. சட்டையின் கை குட்டையா, மனிதனின் கை நீளமா? தகடூர்ப் புலவர் காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. கேள்வி பிறந்த வரலாறும், பிறந்தபின் குற்றம் எப்போதும் மனிதனின் கைமேலேயே விழுந்த வரலாறும் பேசத்தக்கவை.

நீண்ட கை பெருமையாகக் கருதப்பட்டது அதியமானுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடிய புறநானூற்று 14ஆம் பாட்டும் அதே அடைமொழியைத் தருகிறது. புலவரின் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று அரசன் வியந்ததாகவும், யானையை அடக்கியும் வில்லை வளைத்தும் வலிமை பெற்ற அரசன் கைக்கும், அவன் அளித்த சோற்றை உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியாத புலவன் கைக்கும் உள்ள வேற்றுமையைக் கபிலர் விடையாக உரைத்ததாகவும் அப்பாட்டு அமைகிறது. இரு கைகளை அருகருகே வைத்துப் பேசும் பாட்டு அது. வடமொழி மரபு இராமனை ஆஜானுபாகு என்கிறது. புத்தருக்குரிய 32 மகாபுருட இலக்கணங்களுள், குனியாமலே முழங்காலைத் தொடும் கை ஒன்று. நின்ற கோலத்துத் தீர்த்தங்கரர் படிமங்களிலும் கைகள் உடலை ஒட்டி முழங்கால் நோக்கி நீண்டு தொங்குகின்றன. நுளம்பர் ஆட்சியில், 9ஆம் நூற்றாண்டில், தகடூரில் சமணப் பள்ளி இருந்தது கல்வெட்டுகளால் தெரிகிறது. ஆதலால் இவ்வூரார் வீரத்துக்கு அடையாளமாகவும் துறவுக்கு அடையாளமாகவும் நீண்ட கையை அறிந்திருந்தனர் எனலாம். அதே சொற்சேர்க்கை பிற்காலப் பேச்சு வழக்கில் ‘அவனுக்குக் கை நீளம்’ என்று சில்லறைத் திருட்டைக் குறிக்க வந்தது மொழியின் குறும்பு. புகழ்ச்சொல் வசைச்சொல்லாகும் வழியில் அதுவும் ஒரு படி போலும்.

நீண்ட கைக்கு அக்காலத்தில் உடையால் இடையூறு வரவில்லை. காரணம் எளிது. உடுத்தியது தைக்காத துணி. வேட்டியும் மேலாடையும் எந்த உடம்பிலும் அமையும். எச்சத்தை மடித்துக்கொள்ளலாம், குறையை இழுத்துக்கொள்ளலாம். அது மட்டுமன்று, துணியை அளந்ததே கைதான். முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். விரித்த விரல்களின் அளவு சாண். நான்கு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என்ற பெயர்கள் மீட்டர் வழக்குக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியவில்லை. முழம் போடுபவரின் கை நீளமாயின் வாங்குபவருக்கு ஆதாயம்; பூக்காரியிடம் முழம் போடச் சொல்லும்போது அவள் கையை ஒருமுறை நோக்காதவர் உண்டோ? கை அளவுகோலாக இருந்தது. துணி அளக்கப்படும் பொருளாக இருந்தது.

அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 392ஆம் பாட்டில் இதற்கு அழகிய சான்று இருக்கிறது. வைகறையில் வாயிலில் நின்று பாடிய பாணனின் இடையில் பாசியின் வேர்போல் இற்றுப்போன கந்தல் கிடந்தது. அதைக் களைந்து, கரை நேரான நுண்ணிய நூலாடையை உடுப்பித்தான் எழினி. அளவு கேட்கவில்லை, நாள் குறிக்கவில்லை. கொடுத்த கணத்திலேயே ஆடை உடம்புக்கு உரியதாகிவிட்டது. இந்த வசதியை இலக்கிய மேடைகள் இன்றும் கைவிடவில்லை. பாவலர்க்குப் பொன்னாடை போர்த்துகிறார்களே அன்றி, எவரும் அளவெடுத்துச் சட்டை தைத்துத் தருவதில்லை. அந்த விவேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

தைத்த உடை பழந்தமிழர்க்குத் தெரியாதது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. முல்லைப்பாட்டின் பாசறையில் காவல் புரியும் யவனர் ‘மெய்ப்பை’ அணிந்துள்ளனர். உடம்பை இட்டு வைக்கும் பை என்ற பொருளில் அமைந்த இச்சொல்லைவிடப் பொருத்தமான பெயர் சட்டைக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. அப்பாட்டிலேயே மிலேச்சர் அணிந்த சட்டை ‘படம்’ எனப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் அரசனின் ஏவலர் கஞ்சுகம் அணிகின்றனர். புகார் நகர மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் வாழ்கின்றனர். சீவக சிந்தாமணி குப்பாயத்தை மிலேச்சனுக்கு உரியதாக்குகிறது. இவற்றை ஒருசேர நோக்கினால், தைத்த உடை அயலாருக்கும் காவலருக்கும் ஏவலருக்கும் உரியதாக இருந்தமை புலனாகும். பிறர் ஏவலில் நிற்பவன் உடம்பு பைக்குள் புகுந்தது; ஏவியவன் மார்பும் தோளும் கையும் காற்றுப்பட இருந்தன. பாம்பு உரித்த தோலுக்கும் தமிழில் சட்டை என்றே பெயர். உடம்பிலிருந்தே பிறந்ததால் அது ஒருபோதும் அளவு தவறாத சட்டை.

தருமபுரியில் தொல்லியல் துறை 1979இல் அமைத்த அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. வில்லும் வாளும் ஏந்திய கைகள் அக்கற்களில் ஓங்கியும் நீண்டும் நிற்கின்றன. வரைந்த கல்தச்சனுக்கு வீரனின் முகத்தைவிடக் கையே முதன்மையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

ஐரோப்பியச் சட்டை இப்பகுதிக்கு ஆட்சியோடு வந்தது. 1792இல் திப்பு சுல்தானோடு செய்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடின் கீழ்த் துணை அலுவலராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை ஏழாண்டுகள் தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரி விதிக்கும் பணியில் ஈடுபட்டார். இவ்வூருக்கு வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1789இல், தம் உடன்பிறந்தாளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தம் உடைகளின் நிலையை நகைச்சுவையோடு விவரிக்கிறார். ஓரிடத்தைத் தைக்கப் பணம் சேர்ப்பதற்குள் மற்றோரிடம் கிழிந்துவிடுகிறதாம். மேலங்கியின் கைகளே கழன்று விழும் நிலையில் இருந்தனவாம். நிலத்தைச் சங்கிலியிட்டு அளக்க வந்தவருக்கும் சட்டைக் கை ஒரு தீராத் தொல்லையாக இருந்தது என்பது ஓர் ஆறுதல். தையற் கலையோடு சொற்களும் கடல் கடந்து வந்தன. பொத்தான் போர்த்துகீசியச் சொல். அதை நுழைக்கும் துளைக்குத் தையற்காரர் வழங்கும் ‘காஜா’வும் அம்மொழியின் வழி வந்ததே.

சட்டை வந்தது; ஆனால் எல்லார்க்கும் வரவில்லை. 1930ஆம் ஆண்டு இறுதியில் இராமநாதபுரப் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியலாகாது; கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். எனவே தமிழ்நாட்டில் சட்டையின் அளவைப் பற்றிப் பேசுவதை வெறும் அலங்காரப் பேச்சென்று தள்ளிவிட இயலாது. எத்தனையோ பேருக்கு முதற் சட்டை என்பது போராடிப் பெற்ற பொருள். அப்படிப் பெற்ற சட்டை தன் உடம்புக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று ஒருவன் விரும்புவது நியாயத்தின் தொடர்ச்சியேயாம்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தியடிகள் மதுரையில் சட்டையைத் துறந்தார். மறுக்கப்பட்டவன் சட்டையைக் கேட்டதும், அணிந்தவர் அதைக் களைந்ததும் ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டும் கண்ணியத்தைக் குறித்தனவே. எந்திரங்களைப் பெரிதும் ஐயுற்ற அடிகள், தையல் எந்திரத்தை மட்டும் விதிவிலக்காக 1924இல் ஏற்றுக்கொண்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிங்கர் எந்திரம் அவருடைய பாராட்டைப் பெற்றது. அடுத்த பத்தாண்டில் கல்கத்தாவிலிருந்து உஷா எந்திரமும் வரத் தொடங்கவே, சிற்றூர்களின் திண்ணைகளிலும் சந்தைகளிலும் மிதி எந்திரத்தின் ஓசை கேட்கலாயிற்று.

தமிழ்நாட்டின் அண்மைக் கால வரலாற்றில் கை நீளத்துக்குப் பெயர்பெற்றவர் ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின் காமராசரையே சுட்ட வேண்டும். அவரை நேரிற் கண்டு எழுதியோர் ஓங்கிய உயரத்தையும் முழங்கால்வரை நீண்ட கைகளையும் தவறாமல் குறிப்பர். 1957இல், அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கிருஷ்ணகிரியில், தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த அணையைத் திறந்து வைத்தவர் அவர். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானபோது அவ்வணையும் அதனுள் வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை அவ்வாறே இருந்தது. அவர் அணிந்தது தளர்ந்த கதர்ச் சட்டை. அதன் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். எளிமை கருதி அணிந்தார் என்பதே வரலாறு, அதில் ஐயமில்லை. ஆயினும், மணிக்கட்டைத் தேடாத சட்டைக்கு மணிக்கட்டைத் தொடவில்லை என்ற குறையும் வாராது என்பது தையற்காரர் அறிந்த உண்மை. கை நீண்டவர்களுக்கு அரைக்கைச் சட்டை பெரும் புகலிடம். வெயில் மிகுந்த தருமபுரியில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பள்ளிச் சீருடையிலும் இந்தச் சிக்கல் இதனாலேயே மறைந்து போகிறது.

நேர்முகத்தேர்வு, திருமணம், அலுவலகம், நீதிமன்றம் ஆகியவை முழுக்கையை வேண்டும் இடங்கள். அங்கே மடித்துவிடுவது கூடாது. ஆகவே மனிதன் அளவு தேடிப் புறப்படுகிறான்.

தையற்கடை தழைத்திருந்த நாள்களில் இத்தேடல் எளிதாக இருந்தது. துணிக்கடையில் பன்னா பார்த்து, முழுக்கைக்கு இரண்டேகால் அல்லது இரண்டரை மீட்டர் கிழித்து வாங்கிக் கடையில் கொடுத்தால் போதும். கட்டிங் மாஸ்டர் கழுத்திலிருந்து இன்ச் டேப்பை இறக்கி, தோள்முனையிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்து, எண்ணைக் கூவ, உதவியாளர் அளவு நோட்டில் எழுதுவார். நாட்டின் அளவைகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறின. துணிக்கடையில் கெஜம் போய் மீட்டர் வந்தது. தையற்கடையில் அங்குலம் அசையவில்லை. ஒரே சட்டை மீட்டரில் வாங்கப்பட்டு அங்குலத்தில் வெட்டப்பட்டு, அணிபவனால் ‘ஒரு விரற்கடை குறைகிறது’ என்று விரலால் முறையிடப்படுவது இந்நாட்டின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

நல்ல மாஸ்டர் கையைத் தொங்கவிட்டு மட்டும் அளப்பதில்லை; முழங்கையை மடக்கச் சொல்லியும் பார்ப்பார். மடக்கும்போது கை அங்குலக் கணக்கில் கூடுதலாகத் துணியைக் கேட்கும். அக்குள் வளைவை மிகத் தாழ்த்தி வெட்டினால், கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே ஏறி, கைப்பட்டி முழங்கையை நோக்கி ஓடும். அளவு சரியாக இருந்தும் கை குட்டையாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும் என்பது மற்றொரு விதி. அவசரத்தில் அதை மறந்தால் முதல் சலவையிலேயே சட்டை சுருங்கும். அமெரிக்காவில் சான்போர்டு குளூயெட் என்பார் 1930ஐ ஒட்டிக் கண்ட முன்சுருக்க முறை, அவர் பெயராலேயே ‘சான்பரைஸ்டு’ என்று வழங்கி, துணியின் ஓரத்தில் முத்திரையாக இந்தியாவுக்கும் வந்தது.

இவ்வளவு நுட்பமும் ஒரு வழக்கத்தால் வீணாவதுண்டு. அளவெடுக்க நேரில் வர இயலாதவர் பழைய சட்டையை ‘அளவுச் சட்டை’யாகக் கொடுத்தனுப்புவார். அச்சட்டையே பலமுறை வெளுத்துச் சுருங்கிப் போனது. அதை வைத்து வெட்டிய புதியது, பழையதன் குறையை வழுவாமல் பெற்றுக்கொள்ளும். அடுத்த தீபாவளிக்கு அது அளவுச் சட்டையாகும். இப்படிக் கை நீண்ட பலர் ஒரே பிழையை ஆண்டுதோறும் புதிய துணியில் அணிந்து வந்துள்ளனர்.

ஆயத்த ஆடையின் கதை வேறு. அதன் வேர் ஐரோப்பியத் தையற்கூடங்களில் இருக்கிறது. முன்பு அங்கே ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நீண்ட தாள்துண்டு இருந்தது. அவனுடைய தோள், கை, இடை ஆகியவற்றை அதில் வெட்டுக்குறிகளாக இட்டு வைப்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்கள் அச்சிட்ட அளவு நாடா வந்தது. எண் வந்ததும் கணக்கும் வந்தது. மார்பின் சுற்றளவு தெரிந்தால் பிற உறுப்புகளின் அளவை விகிதத்தால் கண்டுவிடலாம் என்ற கொள்கை பரவிற்று. மார்பு இவ்வளவு, எனவே கை இவ்வளவு. இந்த ‘எனவே’ என்ற சொல்லில்தான் கை நீண்டவனின் துன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொடக்கத்தில் பிழை எதிர்ப்பக்கமாக இருந்தது என்பது வியப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற ஆயத்தச் சட்டைகள் ஒரே கை நீளத்தில், அதுவும் மிக நீண்டதாகவே தைக்கப்பட்டன. கை குட்டையானவர் மேற்கையில் ஒரு பட்டையை இறுக்கி, எச்சத் துணியை மேலே தூக்கிக்கொள்வார். பழைய படங்களில் வங்கி எழுத்தரும் அச்சுக்கோப்பவரும் அணிந்திருக்கும் கைப்பட்டைகள் இதற்காக ஏற்பட்டவையே. எச்சத்தை மடிக்கலாம், இல்லாததை நீட்ட முடியாது என்ற எளிய அறிவு அந்தச் சட்டையில் இருந்தது. காற்சட்டையின் அடியில் மடித்துத் தைத்த துணி இருக்கும்; பிரித்து நீட்டலாம். சட்டைக் கையின் முடிவில் பட்டி ஏறிவிடுவதால் அங்கே பிரித்துவிட ஒன்றுமில்லை. பிற்காலத்தில் சிக்கனம் அறிவை வென்றது. துணி மிச்சமாயிற்று, கை குறைந்தது.

அக்காலத்தில் மனித உடம்பை அளக்காமலும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர் பல்லாயிரவரை அளந்து பெஞ்சமின் கூல்டு 1869இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களைச் சாதி வாரியாக நிறுத்தி அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இவ்விருவரும் எடுத்த அளவுகளுள் ஒன்று நெஞ்சை நிறுத்துகிறது: நின்ற நிலையில் நடுவிரல் நுனிக்கும் முழங்காற் சில்லுக்கும் இடைப்பட்ட தொலைவு. ஔவையாரும் கபிலரும் அடைமொழியாக்கிய அதே இடைவெளி! புலவர்க்கு அது ஒருவனைப் புகழும் சொல்லாயிற்று. அளவையாளர்க்கு அது இனங்களை மேல் கீழ் என வரிசைப்படுத்தும் எண்ணாயிற்று. நீண்ட கை தாழ்ந்த படியின் அறிகுறி என்று வாதிடவும் அது பயன்பட்டது. அவ்வாதத்தை அறிவியல் பின்னர்க் கைவிட்டது. இத்தனை எண்கள் திரட்டியும், ஒருவன் கைக்கு ஏற்பச் சட்டை வெட்ட அவற்றை எவரும் எடுத்துச் செல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவில் பெயர்பெற்ற ஆயத்தச் சட்டைகள் பெருகியது 1980களின் இறுதியிலிருந்து. மதுரை ஆலைகளின் வழிவந்த மதுரா நிறுவனம் 1989இல் லூயி பிலிப்பையும் அடுத்த ஆண்டு வான் ஹூசனையும் கொணர்ந்தது. 1993இல் ஆரோ வந்தது. கழுத்துப்பட்டையில் 38, 39, 40, 42, 44 என்ற எண்கள் தோன்றின. இவை சென்டிமீட்டரில் கழுத்தின் அளவு. கைக்கு எண் இல்லை; கழுத்தைப் பார்த்துக் கை முடிவாகிறது. அமெரிக்கச் சந்தைக்குத் தைக்கும் சட்டையிலோ கழுத்துக்கு ஓர் எண்ணும் கைக்கு ஓர் எண்ணும் இரண்டும் இருக்கும். பதினைந்தரை அங்குலக் கழுத்துக்கு 32, 33, 34, 35 என்று கை வேறுபடும். அங்கே கையைப் பின்கழுத்தின் நடுவிலிருந்து தோளைக் கடந்து மணிக்கட்டுவரை அளப்பதால் எண் பெரிதாக இருக்கிறது.

வணிகர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. கழுத்துக்கு ஐந்து அளவு, கைக்கு நான்கு அளவு என்று வைத்தால் ஒரே நிறத்தில் இருபது சட்டைகள் அடுக்க வேண்டும். பத்து நிறத்துக்கு இருநூறு. தருமபுரி போன்ற ஊரில் ஒரு நடுத்தரக் கடையின் முதலும் அலமாரியும் அதைத் தாங்கா. பெரும்பாலோர்க்குப் பொருந்துவதைத் தைத்து விற்பது வணிகம். ஆனால் அந்தப் பெரும்பாலோர் யார் என்பதை இந்நாட்டு உடம்புகளை அளந்து எவரும் நெடுங்காலம் தீர்மானிக்கவில்லை. அயல்நாட்டு அட்டவணைகளையே ஓரளவு திருத்திப் பயன்படுத்தினர். இந்தியருக்கென அளவு அட்டவணை உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொள்ளும் ஆய்வு 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. முப்பரிமாண வருடிகளால் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளப்பது திட்டம். அந்த ஆறில் தருமபுரி போன்ற உள்மாவட்டத்து ஊர் எதுவும் இடம்பெறவில்லை.

இதில் மற்றொரு முரணும் உண்டு. மழை பொய்க்கும் இம்மாவட்டத்திலிருந்து இளைஞரும் பெண்களும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆடைத் தொழிற்கூட வேலைக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கே சட்டை முழுவதையும் ஒருவர் தைப்பதில்லை. ஒருவர் கழுத்துப்பட்டை, ஒருவர் கைப்பட்டி, ஒருவர் கை ஏற்றுதல் என்று வேலை பகுக்கப்பட்டிருக்கும். நாள் முழுவதும் கடல் கடந்து செல்லும் சட்டைகளுக்கு நீண்ட கைகளை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர், பொங்கலுக்கு ஊர் திரும்புகையில் தம் தம்பிக்கு உள்ளூரில் வாங்கும் சட்டையின் கை மணிக்கட்டுக்கு வராமல் நிற்பதைக் காண நேர்கிறது. அது ஏன் வரவில்லை என்பதை அக்கடையில் வேறு எவரையும்விட அவரே நன்கறிவார்.

தையற்கடைகள் குறைந்துள்ளன, அற்றுப்போகவில்லை. பண்டிகைக்கு இருபது நாள் இருக்கும்போதே ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை தொங்கவிட்ட கடைகளில் பல இன்று ஆயத்த ஆடைகளைப் பிடித்துத் தைத்தும் ஜிப் மாற்றியும் பிழைக்கின்றன. கை நீண்டவர் அங்கே வந்து செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றுண்டு. கை பொருந்தும் பெரிய சட்டையை வாங்கி வந்து, தோளைப் பிரித்து உள்ளே தள்ளி, பக்கங்களைப் பிடித்து, கழுத்துப்பட்டையைக் கழற்றிச் சிறிதாக்கி மீண்டும் ஏற்றச் சொல்வார். புதுச் சட்டை தைக்கும் கூலியில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். விவரம் தெரிந்த மாஸ்டர் இந்த வேலையை ஏற்பதற்குமுன், “துணியாக எடுத்து வந்திருக்கலாமே” என்பார். சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்துத் தோள்முனையில் வைத்து, கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டு எலும்பைத் தாண்டி விரலை ஊன்றி அளவைப் படிப்பார். பிறகு நோட்டைப் புரட்டி, பெயருக்கு நேரே, மற்ற அளவுகளைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் ‘கை 26½’ என்று எழுதி அடிக்கோடிடுவார்.